அம்மா மூச்சுப் பயிற்சி மட்டும் போதும்னு உட்கார்ந்துடறாங்க, நடக்க வைக்கறது எப்படி?

அனுப்பானடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 69 வயசு, மதுரையில என்கூடத்தான் இருக்காங்க. அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஆறேழு மாசமா மறதி கூடிக்கிட்டே வருது. போன மாசம் குக்கர்ல வெயிட் போடாம அரை மணி நேரம் அடுப்புல வச்சிருக்காங்க. பால்காரருக்கு ஒரே நாள்ல ரெண்டு தடவை பணம் கொடுத்திருக்காங்க. அவர் நல்ல மனுஷன், சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துட்டார். தங்கச்சி எத்தனை மணிக்கு மாட்டுத்தாவணி வந்து இறங்குவாங்கறதை ஒரு மணி நேரத்துல மூணு தடவை கேட்டாங்க.

சுகருக்கு 11 வருஷமா மெட்ஃபார்மின் சாப்பிடறாங்க. பிபிக்கும் மாத்திரை உண்டு. வலது முழங்கால்ல தேய்மானம். டிவியை வேற இப்பல்லாம் தெருவுக்கே கேக்கற மாதிரி வைக்கறாங்க, பிள்ளைங்க படிக்க முடியலை.

யாரோ சொல்லி யூடியூப் பார்த்து மூச்சுப் பயிற்சி ஆரம்பிச்சிருக்காங்க. விடிகாலை அஞ்சரைக்கு எழுந்து பாய் விரிச்சு உட்கார்ந்தா அரை மணி நேரம். வயித்தை வெட்டி வெட்டி வேகமா மூச்சு விடற கபாலபாதி, அப்புறம் மூச்சை உள்ளே இழுத்து அடக்கி வைக்கறது. முடிச்சு எழும்போது சுவரைப் பிடிச்சுக்கறாங்க. நடக்கக் கூப்பிட்டா, "அதான் மூச்சுப் பயிற்சி பண்றேனே, மூளைக்கு அது போதும்யா, கால் வலிக்குது"ங்கறாங்க.

மூச்சுப் பயிற்சி மட்டும் போதுமா? இல்லைன்னா முழங்கால் வலியோட என்ன செய்ய வைக்கலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. எனக்கு ராத்திரியில தூக்கம் வரமாட்டேங்குது.

கணக்கு டீச்சர்:

தம்பி, உங்க அம்மாவைவிட எனக்கு மூணு வயசு கூட. 34 வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவ. நாலு வருஷத்துக்கு முன்னாடி பதினேழாம் வாய்ப்பாடு பதினேழு ஏழுல நின்னுபோச்சு. 119-ங்கற எண் வாய்க்கு வரவே இல்லை. காய்கறிக் கடையில பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ வீட்டுக்கு வந்து அழுதேன். அதனால நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன்.

மூச்சா நடையான்னு பேசறதுக்கு முன்னாடி, நீங்க போற போக்குல எழுதின ரெண்டு விஷயம் என் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு டிவி சத்தம். உங்க அம்மாவுக்குக் காது மந்தமாகியிருக்கலாம். பாதி கேட்டது மனசுல பதியாது, பதியாததைத் திரும்பத்தான் கேப்பாங்க, நாம அதுக்கு மறதின்னு பேர் வச்சிடுவோம். அதோட, காது கேக்காம விட்டுவச்சா அதுவே மறதி நோய்க்கு ஒரு காரணம். 2024-ல வெளியான, லான்செட்ங்கற மருத்துவ இதழோட ஆணைய அறிக்கை, தடுக்கக்கூடிய காரணங்கள்னு 14 சொல்லுது. காது, கண், பிபி, சுகர், உடம்பை அசைக்காம இருக்கறது, தனிமை எல்லாம் அதுல வருது. ரெண்டாவது, மெட்ஃபார்மின். வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 வைட்டமின் உடம்புல சேர்றது குறையும். பி12 குறைஞ்சா ஞாபகம் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். எனக்குக் குறைவாத்தான் இருந்துச்சு, ஊசி போட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு ஓரளவு தெளிஞ்சுது. அதனால பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை, காது பரிசோதனை மூணையும் இந்த வாரமே பண்ணிடுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. மனச்சோர்வும் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. துணையை இழந்த ரெண்டு வருஷம்ங்கறது சின்ன விஷயம் இல்லை.

இப்ப மூச்சு. உங்க அம்மா அந்தப் பாயில உட்கார்ற அரை மணி நேரத்தைப் பிடுங்கிடாதீங்க. அப்பா இல்லாத வீட்டுல விடியற பொழுதை எப்படிக் கடக்கறதுன்னு அவங்க தானே கண்டுபிடிச்ச வழி அது. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா முறையை மாத்தணும். பிபி உள்ளவங்களுக்கு வேகமா மூச்சை வெட்டறதும் அடக்கறதும் வேண்டாம். எனக்கு யோகா சொல்லிக்கொடுத்த அம்மா முதல் நாளே அதைத் தடுத்துட்டாங்க. நான் செய்யறது இதுதான்: நாற்காலியில முதுகு சாய்ஞ்சு, மூக்கு வழியா நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. அடக்கறதே இல்லை. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். அந்த வேகத்துல நெஞ்சுத் துடிப்பும் மூச்சும் ஒண்ணுக்கொண்ணு இசைஞ்சு போகும், மனசு அடங்கும். காலையில பத்து நிமிஷம், படுக்கப் போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கற பழக்கம் எனக்கு அதுலதான் போச்சு. தூக்கம் நல்லா இருந்தா மறுநாள் பேர் எல்லாம் சட்டுனு வருது.

தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல இந்த மாதிரி மெதுவான மூச்சை, தினம் ரெண்டு வேளை 20 நிமிஷம்னு சில வாரம் செய்ய வச்சுப் பார்த்திருக்காங்க. அல்சைமர் நோயோட சம்பந்தப்பட்ட அமைலாய்டு புரதம் ரத்தத்துல குறைஞ்சுதுன்னு 2023-ல எழுதினாங்க. சந்தோஷமான செய்திதான். ஆனா ரத்தத்துல குறைஞ்சுதுங்கறதும் மறதி நோய் வராதுங்கறதும் ஒண்ணு இல்லை. முதல் வரியை வச்சுக்கிட்டு நேரா விடைக்குத் தாவற பிள்ளைகளுக்கு நான் மார்க் போட்டதில்லை.

நடைக்கு இதைவிட உறுதியான சாட்சி இருக்கு. அமெரிக்காவுல 120 வயசானவங்களை ரெண்டா பிரிச்சு ஒரு வருஷம் பார்த்தாங்க, 2011-ல வெளியாச்சு. ஒரு பாதிக்கு வாரம் மூணு நாள் 40 நிமிஷ நடை. இன்னொரு பாதிக்குக் கை கால் நீட்டி மடக்கற பயிற்சி. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ்னு மூளையில ஒரு பகுதி, வயசானா தானா சுருங்கும். நடந்தவங்களுக்கு அது சுமார் 2 சதவீதம் பெருசாச்சு, மத்தவங்களுக்குச் சுருங்கிச்சு. அந்த மத்தவங்களும் சும்மா உட்கார்ந்திருக்கலை, பயிற்சிதான் செஞ்சாங்க. நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்கற மாதிரி உழைக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம். உங்க அம்மாகிட்ட அந்த இடத்தைச் சொல்லுங்க.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜப்பான்ல உடற்பயிற்சியையும் மூளைக்கான வேலையையும் சேர்த்து 'காக்னிசைஸ்'னு ஒரு முறை வச்சிருக்காங்க. நின்ன இடத்துல கால் மாத்தி மாத்தி வைக்கணும், எண்ணணும், மூணோட மடங்கு வந்தா சொல்லாம கை தட்டணும். ஒண்ணு, ரெண்டு, தட்டு, நாலு, அஞ்சு, தட்டு. தப்பு வரணும், அதுதான் பயிற்சி. தப்பே வராத அளவுக்குப் பழகிட்டா கணக்கை மாத்திடணும். நான் இப்ப ஏழோட மடங்குக்கு வந்திருக்கேன். 119-க்கு ஒவ்வொரு தடவையும் ஓங்கித் தட்டறேன்.

நான் தெப்பக்குளத்தைச் சுத்தித்தான் நடக்கறேன். ஒரு சுற்று ஒண்ணேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஆரம்பத்துல ஒரு பக்கம் நடந்துட்டுக் கல்லுல உட்கார்ந்துடுவேன், இப்ப ரெண்டு சுற்று. பக்கத்து வீட்டம்மா கூட வர்றாங்க. அவங்க இல்லாட்டி நாலாவது நாளே நான் நின்னிருப்பேன். "நடங்க"ன்னு பெத்தவங்களுக்கு உத்தரவு போட்டா நடக்கமாட்டாங்க தம்பி. கூட ஒரு ஆள் வேணும்.

காரைக்குடி பிசியோ:

டீச்சர் சொன்னதுக்கு மேல முழங்கால் பத்தி மட்டும் சொல்றேன் அண்ணா. பிசியோதெரபில 16 வருஷமா இருக்கேன்.

தேய்மானம்னா நடக்கவே கூடாதுன்னு நிறையப் பேர் வீட்டுக்குள்ள முடங்கிடறாங்க. அதுல தொடைத் தசை இளைச்சு வலி கூடத்தான் செய்யும். முதல்ல நாற்காலிப் பயிற்சி. கை வச்ச, ஆடாத நாற்காலி, சுவரை ஒட்டிப் போடுங்க. உயரம் பத்தலைன்னா கெட்டியான தலகாணி ஒண்ணு வைங்க. எழும்போது மூச்சை வெளியே விடணும், உட்காரும்போது உள்ளே இழுக்கணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தா பிபி ஏறும். அஞ்சு தடவையில ஆரம்பிச்சு, வலி அனுமதிக்கற அளவுக்குக் கூட்டுங்க. அம்மா மூச்சுப் பயிற்சியை விரும்பறதால "இதுவும் மூச்சுப் பயிற்சிதான்"னு சொல்லிக்கொடுங்க. அது பொய்யும் இல்லை.

அப்புறம் சமையல் மேடையை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு கால்ல பத்து விநாடி நிக்கறது, குதிகால் தூக்கி இறக்கறது. உலக சுகாதார நிறுவனம் வயசானவங்களுக்கு வாரம் 150 நிமிஷ நடை மாதிரியான உழைப்போட, சமநிலைக்கும் தசை பலத்துக்கும் வாரம் மூணு நாளாவது பயிற்சி வேணும்னு சொல்லுது. 150-ஐப் பார்த்துப் பயப்படாதீங்க, பத்துப் பத்து நிமிஷமா சேர்த்தாலும் கணக்குல வரும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

எழும்போது சுவரைப் பிடிக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அதை விட்டுடாதீங்க. படுத்து எழுந்ததும் பிபி இறங்குதான்னு, அம்மாவைப் படுக்க வச்சும் நிக்க வச்சும் பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. டீச்சர் சொன்ன கைதட்டற பயிற்சியும் ஆரம்பத்துல உட்கார்ந்தே செய்யட்டும். நிக்கும்போது கணக்கு போட்டா சிலருக்குக் கால் தடுமாறும், பக்கத்துல ஆள் வேணும்.

கபாலபாதியை இன்னைக்கே நிறுத்துங்க. பிபி, கண் அழுத்தம், குடல் இறக்கம் உள்ளவங்களுக்கு அது ஆகாது.

பாம்பன் மக:

எங்க அப்பா கடல்ல போனவர். அதை விட்ட பிறகும் 70 வயசு வரைக்கும் தினம் கரையோரம் நடப்பார். அவருக்கும் வந்துச்சு. கடைசி ரெண்டு வருஷம் என்னை அவர் அக்கான்னு நினைச்சுத்தான் பேசினார். "இவ்வளவு நடந்தவருக்கே எப்படி"ன்னு கேட்டவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை. அண்ணா, நாளைக்கு உங்க அம்மாவுக்கு மறதி கூடினா நாம நடக்க வைக்கலையேன்னு உங்களை நீங்க வதைச்சுக்காதீங்க. ஆனாலும் நடக்க வைங்க. அப்பாவுக்குச் சாயங்காலமானா ஒரு பதட்டம் வரும், வாசலுக்கும் உள்ளுக்கும் அலைவார். கையைப் பிடிச்சு அரை மணி நேரம் கடற்கரையில நடத்திட்டு வந்தா சோறு தின்னுட்டுத் தூங்கிடுவார். நடக்கும்போது மட்டும் என் பேரை ரெண்டு தடவை சரியாச் சொல்லியிருக்கார்.

அனுப்பானடிக்காரன்:

ஏழு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். பி12 குறைவாத்தான் இருந்துச்சு, ஊசி ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டு காதும் மந்தம். காது மெஷின் வாங்கியாச்சு, முதல் வாரம் கழட்டிக் கழட்டி வச்சாங்க, இப்ப போட்டுக்கறாங்க. நிக்கும்போது பிபி இறங்குதுன்னு மாத்திரை அளவை டாக்டர் மாத்திட்டார். கபாலபாதியை நிறுத்தறதுக்கு ஒரு சண்டை நடந்துச்சு. டீச்சர் எழுதினதை முழுசா வாசிச்சுக் காட்டினேன். "அப்பா இல்லாத வீட்டுல"ங்கற இடத்துல அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. மறுநாள் காலையில நாலு உள்ளே, ஆறு வெளியே ஆரம்பிச்சாச்சு.

நாற்காலிப் பயிற்சி பத்துக்கு வந்திருக்கு. கைதட்டறதை என் மகளோட சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து செய்யறாங்க, 30 தாண்டினா குழம்பிடறாங்க. மறதி போயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். நேத்து தங்கச்சி வர்ற நேரத்தை ரெண்டு தடவை கேட்டாங்க. மூணு இல்லை.

இன்னும் வெளியே நடக்க மட்டும் வரலை. டீச்சர், உங்களை ஒண்ணு கேக்கச் சொன்னாங்க: காலையில நீங்க தெப்பக்குளத்துல எந்தப் பக்கம் நிப்பீங்க?

கணக்கு டீச்சர்:

மாரியம்மன் கோயில் வாசல்ல, ஆறு மணிக்கு. முதல் நாள் ஒரு பக்கம் மட்டும் நடப்போம், அப்புறம் உட்கார்ந்து பேசுவோம். செருப்பு பின்னாடி வார் வச்சதா இருக்கட்டும், மெஷினை மறக்காம மாட்டி அனுப்புங்க.