எஸ்2000 வாங்கப் போறேன்: 2003-ஆ, 2004-ஆ?

மூணாவது கியர் எழுதியது:

ரொம்ப வருஷ ஆசை, இப்பதான் கைக்கெட்டுற தூரத்துக்கு வந்திருக்கு. ஹோண்டா எஸ்2000, அதான் அந்த ரெண்டு சீட், பின்சக்கர டிரைவ் ஓபன் டாப் ஸ்போர்ட்ஸ் கார், செகண்ட் ஹேண்ட். ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன். ரெண்டுமே அமெரிக்க மாடல்.

முதல் வண்டி 2003, 2.0 லிட்டர், சில்வர். 58 ஆயிரம் மைல், ரெண்டாவது ஓனர், பில் எல்லாம் ஃபைல் போட்டு வச்சிருக்கார். ஒரிஜினல் 16 இன்ச் வீல். டிரைவர் பக்கம் சாஃப்ட் டாப் (துணிக் கூரை) மடியுற இடத்துல ஒரு கிழிசல். இன்ஜின் சூடாகுற வரைக்கும் ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்குது.

அடுத்தது 2004, 2.2 லிட்டர், கருப்பு. 91 ஆயிரம் மைல், நாலு கை மாறினது. இப்ப வச்சிருக்கவர்கிட்ட அவர் காலத்து பில் மட்டும்தான் இருக்கு. ஸ்பிரிங் மாத்தி வண்டியை இறக்கியிருக்காங்க, எக்ஸாஸ்டும் ஒரிஜினல் இல்ல. ஆனா கியர் வழுக்கிட்டுப் போகுது, பெயின்ட் பளபளன்னு இருக்கு.

விலையில பெருசா வித்தியாசம் இல்ல, அதை விட்டுடுங்க. இதுவரைக்கும் நான் ஓட்டினது எல்லாம் முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக்தான். தினமும் ஆபீஸுக்கு இதுலதான் போகணும், மழைனாலும். லீவு நாள்ல மலை ரோடு.

"நிமிஷத்துக்கு 9000 சுத்து (ஆர்பிஎம்) வரைக்கும் கத்துறது 2003 மட்டும்தான், மத்தது எல்லாம் டூப்பு"ன்னு ஒரு நண்பன். "2003 எடுத்தா முதல் மழையிலயே பின்பக்கம் முன்னாடி வந்துடும்"னு இன்னொருத்தன். ரெண்டு பேரும் இந்த வண்டியில உட்கார்ந்தது கூட கிடையாது. வச்சிருக்கிறவங்க சொல்லுங்க.

ரெட்லைன் ராஜா எழுதியது:

2003. யோசிக்கவே வேணாம் ப்ரோ. 6000-ல விடெக் (சுத்து ஏறினா வால்வை அதிகம் திறக்குற ஹோண்டா அமைப்பு) மாறினதுக்கு அப்புறம் இன்னும் மூவாயிரம் ஆர்பிஎம் பாக்கி இருக்கும் பாருங்க, அதுக்குத்தான் இந்த வண்டியே. டார்க் (இழுவிசை) வேணும்னா டீசல் வாங்கிக்கலாம்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, நான் ரெண்டு வகையும் வச்சிருந்தவன். முதல்ல 2001, பின் கண்ணாடி பிளாஸ்டிக்கா இருந்த காலத்து வண்டி. இப்ப 2005. அதனால 2004 பக்கம்தான் பேசுவேன்னு நினைச்சுக்காத, கடைசி வரைக்கும் படி.

இன்ஜின் சண்டையை முதல்ல முடிச்சுடலாம். போர், அதாவது சிலிண்டரோட விட்டம், ரெண்டுக்கும் 87 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் மேல கீழ ஓடுற தூரம்) மட்டும் 84-ல இருந்து 90.7 ஆக்கினாங்க, 1997 சிசி 2157 ஆச்சு. ஸ்ட்ரோக் நீண்டா ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன் அதிக தூரம் ஓடணும், பழைய 9000-ல அதைச் சுத்த விட முடியாது. அதான் ரெட்லைன், அதாவது இன்ஜினைச் சுத்த விடலாம்கிற எல்லை, 8000-க்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாரு: ரெண்டு இன்ஜினும் அதது ரெட்லைன்ல இருக்கும்போது பிஸ்டனோட சராசரி வேகம் நொடிக்கு 24, 25 மீட்டர்தான். 2004-ஐ சோம்பேறிங்கிறவங்க மீட்டரைப் பார்த்துப் பேசறாங்க, இன்ஜினைப் பார்த்து இல்ல.

பவர் ரெண்டுக்கும் 240 ஹார்ஸ்பவர். டார்க் 153 பவுண்டு-அடியில இருந்து 162 ஆச்சு, அவ்வளவுதான். ஆனா அந்த உச்சம் எங்க கிடைக்குதுன்னு பாரு. 2003-ல 7500 ஆர்பிஎம், 2004-ல 6500. ஆபீஸ் போற ரோட்டுல நீ 7500-ஐத் தொடவே மாட்ட. ஒரு லாரியைத் தாண்டணும்னா 2003-ல ரெண்டு கியர் இறக்கணும், 2004-ல ஒண்ணு போதும். எனக்கு அந்த ரெண்டு கியர் இறக்குறதும் பிடிக்கும். தினமும் காலைல பிடிக்குமான்னு நீதான் சொல்லணும்.

இப்ப பின்பக்கம் வழுக்குற கதை. அது முழுப் பொய் இல்ல. பழைய வண்டியில பின் சஸ்பென்ஷன் அமுங்கி எழும்பும்போது சக்கரத்தோட டோ கோணம் (உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கிற அளவு) நிறைய மாறும். வளைவுக்கு நடுவுல பயந்து ஆக்சிலரேட்டரை விட்டா எடை முன்னால போகும், பின்பக்கம் எழும்பும், சக்கரம் பார்க்கிற திசையும் சேர்ந்து மாறும். முன்சக்கர வண்டியில இருந்து வர்றவனுக்கு, பயந்தா காலை எடுக்கிறதுதான் பழக்கம். அங்கதான் மாட்டிக்கிறாங்க. 2004-ல அந்த டோ மாற்றத்தைக் குறைச்சாங்க, 17 இன்ச் வீல் போட்டாங்க, பின் டயர் 225-ல இருந்து 245 ஆச்சு.

ஆனா நீ பார்த்து வச்சிருக்கிற 2004 ஹோண்டா கொடுத்த 2004 இல்லையே! வண்டியை இறக்கியாச்சுன்னா சஸ்பென்ஷனோட கோணம் எல்லாம் வேற. எந்த ஸ்பிரிங், யார் போட்டது, போட்டப்புறம் அலைன்மென்ட் செஞ்சாங்களா, எதுக்கும் பேப்பர் இல்ல. 2004-ஐ எதுக்காக வாங்கச் சொல்றாங்களோ, அந்தச் சமாச்சாரத்தையே யாரோ கழட்டிப் போட்டிருக்காங்க. அதோட இந்த வண்டிகள்ல அலைன்மென்ட் போல்ட், புஷ்குள்ள (சஸ்பென்ஷன் மூட்டுல இருக்கிற ரப்பர் உறை) துருப்பிடிச்சு இறுகிக்கும். இறுகிட்டா வெட்டித்தான் எடுக்கணும், புஷ்ஷும் போகும். ஒரிஜினல் ஸ்பிரிங் திரும்பப் போடலாம்னு சுலபமா சொல்லிடுவாங்க, அந்த போல்ட் அசையுதான்னு பார்க்காம நம்பாத.

அதனால என் ஓட்டு 2003-க்கு. ஒரு நிபந்தனை: வால்வு கவரை (இன்ஜினோட மேல் மூடி) கழட்டிப் பார்க்கணும்.

காரணம் சொல்றேன். இன்ஜின் ரெட்லைனைத் தாண்டாம தடுக்கிற ரெவ் லிமிட்டர், ஆக்சிலரேட்டரை மிதிச்சு மேல ஏறும்போதுதான் காப்பாத்தும். அஞ்சுல இருந்து நாலுக்குப் போறதா நினைச்சு ரெண்டுல போட்டுட்டா, சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுத்தும், லிமிட்டர் வேடிக்கை பார்க்கும். 2.0-ல அப்படி ஆனா வால்வு ஸ்பிரிங்கை மேல பிடிச்சு வச்சிருக்கிற ரிடெய்னர்ங்கிற தட்டு விரிசல் விடும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. வண்டி நல்லாவே ஓடும். பல மாசம் கழிச்சு வால்வு உள்ள விழுந்து இன்ஜின் போகும். 2004-க்கான ரிடெய்னர் இன்னும் பலமானது, அதை 2003-ல போட்டுக்கிறவங்க நிறைய பேர். பில் ஃபைல்ல அது இருக்கான்னு தேடு. இருந்தா, அந்த ஓனருக்கு விஷயம் தெரியும்னு அர்த்தம்.

அதோட சேர்த்து, சிலிண்டர்ல அழுத்தம் சரியா நிக்குதான்னு பார்க்கிற கம்ப்ரஷன், லீக்டவுன் ரெண்டு டெஸ்ட்டும். சிலிண்டர் சுவர் நார் கலந்த உலோகம், கீறல் விழுந்தா சாதாரண இன்ஜின் மாதிரி சிலிண்டரைக் குடைஞ்சு பெருசாக்கிப் பெரிய பிஸ்டன் போட முடியாது. ஸ்பார்க் பிளக் இறுக்கமா இருக்கான்னும் பாரு, இந்த இன்ஜின்ல அது தானா தளர்றது உண்டு. பானெட், ஃபெண்டர், கதவு, டிக்கி எல்லாத்துலயும் வின் எண் (அந்த வண்டியோட அடையாள எண்) ஸ்டிக்கர் இருக்கும், இல்லைன்னா அந்தப் பாகத்தை மாத்தியோ பெயின்ட் அடிச்சோ இருக்கலாம். அந்தப் பளபள கருப்புல எத்தனை ஸ்டிக்கர் மிச்சம் இருக்குன்னு எண்ணிட்டு வந்து சொல்லேன், எனக்கு ஒரு சந்தேகம்.

சாஃப்ட் டாப் கிழிசலை விடு. அது எல்லா எஸ்2000-லயும் வர்றது. விலை பேசத்தான் உதவும்.

ஈரத்தார் எழுதியது:

ஸ்பேனர் அண்ணா சொன்னதுல பாதிக்கு ஒத்துக்கிறேன். ஆனா மழையில தினமும் ஓட்டப் போறவர், பின்சக்கர டிரைவ் பழக்கம் இல்லாதவர். இவருக்கு இந்த ரெண்டுமே வேண்டாம்னு சொல்வேன். 2006-ல இருந்து வந்த அமெரிக்க மாடல்ல விஎஸ்ஏ இருக்கு, அதாவது வண்டி சுழலப் போறப்ப தானே பிரேக் பிடிச்சு நேராக்குற கட்டுப்பாடு. அதே 2.2 இன்ஜின். அந்த வருஷம் த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) கேபிளை எடுத்துட்டு எலக்ட்ரானிக் ஆக்கினதால சிலர் முகம் சுளிப்பாங்க. நான் ரெண்டு மழைக்காலம் ஓட்டிட்டேன், சுளிக்கல.

2003-தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, டயரோட தேதியைப் பாருங்க. பக்கச் சுவர்ல நாலு இலக்கம்: முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். மைல் கம்மியா ஓடின வண்டியில பட்டன் நல்லா இருக்கும், ரப்பர் கல்லா இறுகிப் போயிருக்கும். "எஸ்2000 வழுக்கி விட்டுடுச்சு"ங்கிற கதைல பாதி இந்த டயர் கதைதான்.

இன்னொண்ணு, நீங்க உயரமா? ஸ்டியரிங்கை மேல கீழ, முன்ன பின்ன எங்கயும் நகர்த்த முடியாது. தொடை தட்டினா தட்டினதுதான். டாப்பை மூடி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க.

ரெட்லைன் ராஜா எழுதியது:

விஎஸ்ஏ பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணிட்டு ஓட்டப் போறவருக்கு எதுக்கு 2006?

ஈரத்தார் எழுதியது:

மழை நாள்ல ஆஃப் பண்ணாம இருக்கத்தான் ராஜா.

மூணாவது கியர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கருப்பு வண்டியை மறுபடி போய்ப் பார்த்தேன். முன் ஃபெண்டர் ரெண்டுலயும் ஸ்டிக்கர் இல்ல, பானெட்லயும் இல்ல. கேட்டா, "வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு"ங்கிறார். அதை விட்டுட்டேன்.

2003 ஓனர் வால்வு கவர் கழட்டச் சம்மதிச்சுட்டார், என் மெக்கானிக் கூட இருக்கணும்னு மட்டும் சொன்னார். ரிடெய்னர் மாத்தின பில் இல்ல. டயர் எட்டு வருஷம் பழசு. பக்கத்துல 2006 எதுவும் விற்பனைக்கு இல்ல, தேடிட்டே இருக்கேன். உயரம் பிரச்சினை இல்ல, நான் குள்ளம்தான்.

ஸ்பேனர் அண்ணா, அந்த ரெண்டாவது கியர் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே?

பழைய ஸ்பேனர் எழுதியது:

ஸ்டிக்கர் விஷயம் நினைச்சேன்.

கியர் உள்ள போக மறுக்குதா, இல்ல கரகரன்னு அரைக்குதா? குளிர்ல மறுக்கிறது 2003 வரைக்கும் வந்த வண்டிகளோட குணம். 2004-ல கார்பன் சிங்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தைச் சமமாக்குற வளையம்) போட்டதால அந்தக் கருப்பு வண்டி உனக்கு அவ்வளவு சுகமா இருந்துச்சு. முதல்ல கியர் ஆயிலை மாத்து, கிளட்ச் பெடல் முழுசா விடுவிக்குதான்னு பாரு. பெரும்பாலும் அதோட அடங்கும். சூடான பிறகும் 7000-க்கு மேல ஒண்ணுல இருந்து ரெண்டுக்குப் போடும்போது அரைச்சா அது சிங்க்ரோ, கியர்பாக்ஸை இறக்கணும். ஓட்டிப் பார்க்கிற அன்னைக்கு இதைச் செஞ்சு பாரு, ஓனரைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டே.

வால்வு கவர் எடுத்ததும் டார்ச் அடிச்சு பதினாறு ரிடெய்னரையும் ஒவ்வொண்ணா படம் எடு. ஏதாவது ஒண்ணுல கீப்பர் (ரிடெய்னரை வால்வுத் தண்டோட பூட்டுற சின்னத் துண்டு) உட்கார்ந்திருக்கிற மட்டம் மத்ததுல இருந்து மாறி இருந்தா ரிடெய்னர் போயிடுச்சு. படத்தை இங்க போடு, பார்த்துட்டுச் சொல்றேன். அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் கொடுத்துடாத.