துத்வா காண்டாமிருகங்களுக்கு வெளியிலிருந்து புது ஆண் வேண்டுமா?

புல்வெளியான்:
உத்தரப் பிரதேசத்தின் துத்வா தேசியப் பூங்காவில் 1984இல் காண்டாமிருகங்களை மறுபடி குடியேற்றினார்கள். அசாமின் போபிதோரா சரணாலயத்திலிருந்து ஐந்து வந்தன. அவற்றில் இரண்டு பெண்கள் பிழைக்கவில்லை. மறு ஆண்டு நேபாளத்தின் சித்வான் தேசியப் பூங்காவிலிருந்து நான்கு பெண்கள் வந்தன. பதிலுக்கு 16 வளர்ப்பு யானைகள் அங்கே போயின. மந்தை நாற்பதைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்று கொண்டாடுகிறோம். ஆனால் நெடுங்காலம் பிறந்த கன்றுகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே தந்தை, 2016இல் இறந்த பாங்கே. தலைகளை எண்ணினோம், தந்தைகளை எண்ணவில்லை. நெருங்கிய உறவுகளே தங்களுக்குள் கூடினால் மந்தை பலவீனமாகும். அசாமிலிருந்து ஆண்களை இப்போதே கொண்டுவர வேண்டும்.

வைகறை:
கடுமையாக மறுக்கிறேன். வந்த ஐந்தில் இரண்டு இறந்ததை நீங்களே ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். மயக்க ஊசி, கூண்டு, லாரிப் பயணம் எல்லாம் உயிரோடு விளையாடுவது. சித்வானைப் பாருங்கள். 1960களில் சுமார் நூறுக்கு இறங்கியது. பிறகு சோதித்தபோது மரபணு வேறுபாடு நிறையவே இருந்தது.

புல்வெளியான்:
சித்வான் சரிந்தது சில பத்தாண்டுகளில். அதற்கு முன் அது பெரிய கூட்டம், எஞ்சியவற்றில் ஆண்களும் பல. துத்வாவின் கணக்கு வேறு. ஓர் ஆணும் ஐந்து பெண்களும் இனப்பெருக்கம் செய்தால் மரபணு நோக்கில் அது ஏறக்குறைய மூன்றே விலங்குகளுக்குச் சமம். தலைமுறைக்குச் சுமார் 15 சதவீத மரபணு வேறுபாடு கரையும். கர்ப்பமே பதினாறு மாதம் என்பதால் கேடு உடனே கண்ணுக்குத் தெரியாது. 2018இல் இரண்டாவது வேலியிட்ட பகுதிக்கு ஓர் ஆணையும் மூன்று பெண்களையும் மாற்றினார்களே, அவையும் இதே மந்தைதான். இடம் கூடியது, இரத்தம் கூடவில்லை.

சாரல்:
சண்டைக்கு முன் சாணத்தைப் பாருங்கள். காண்டாமிருகங்கள் பழகிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து சாணமிடும். குவியல் முழங்கால் உயரத்துக்கு எழும்பும். ஈரம் காயாத புதுச் சாணத்தின் மேற்பரப்பை வழித்தெடுத்தால் போதும், குடல் செல்களிலிருந்து மரபணு கிடைக்கும். ஒரு விலங்கையும் தொடாமல் யாருக்கு யார் உறவு என்று அறியலாம்.

வைகறை:
இது நல்ல வழி. அதோடு வேலியையும் யோசியுங்கள். நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவிலிருந்து காட்டா என்ற காட்டு வழித்தடத்தில் காண்டாமிருகங்கள் தாமாகவே உத்தரப் பிரதேசத்தின் கதர்னியாகாட் சரணாலயத்துக்கு நடந்து வருகின்றன. ஊசி இல்லை, லாரி இல்லை. துத்வாவிலோ பெரும்பாலானவற்றை மின்வேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

புல்வெளியான்:
கதர்னியாகாட்டுக்கும் துத்வாவுக்கும் நடுவில் கரும்பு வயல்களும் ஊர்களும் இருக்கின்றனவே! இரவில் வயலுக்குக் காவல் இருக்கும் விவசாயியின் உயிருக்கு யார் பொறுப்பு? அவற்றைத் தாண்டி ஓர் ஆண் வந்து சேர்வதற்குள் பாங்கேயின் பேத்திகள் கிழடாகிவிடும். சாணச் சோதனைக்குச் சம்மதம். நெருங்கிய உறவுகளே கூடுகின்றன என்று அதில் தெரிந்தால், அப்போதும் லாரி வேண்டாம் என்பீர்களா?

வைகறை:
அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் கொண்டுவந்து இறக்காதீர்கள். மூன்று நான்காவது வரட்டும், அவையும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. இல்லையென்றால் இன்னொரு பாங்கேயைத்தான் உருவாக்குவோம்.