ட்விஸ்ட் ரேட்: ‘முறுக்கு வீதம்’ ஏன் சரிப்படாது?

தொடக்க மடல்

அனைவருக்கும் வணக்கம்.

கனத்த நெடுந்தொலைவுத் துப்பாக்கிச் சொற்பட்டியலில் குழல் பகுதிக்கு வந்துவிட்டோம். ரைபிளுக்குச் ‘சுரிகுழல் துப்பாக்கி’, குழலுக்குள் சுருண்டோடும் உள்வரிக்குப் ‘புரி’, பள்ளத்துக்குக் ‘காடி’, இரு காடிகளுக்கு நடுவே நிற்கும் மேட்டுக்கு ‘வரம்பு’. இவற்றில் யாருக்கும் மறுப்பில்லை. முட்டிக்கொண்டு நிற்பது ட்விஸ்ட் ரேட்டில்தான், அதாவது புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்ற அளவில். வரைவில் ‘முறுக்கு வீதம்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்றுக்கு எட்டு என்று குழலில் பொறித்திருந்தால், குண்டு 8 அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச்சுற்றுச் சுற்றும் என்று பொருள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால் 12 அங்குலத்தில் ஒரு சுற்று. எட்டுதான் வேகமான முறுக்கு, பன்னிரண்டு மெதுவானது. எண் குறையக் குறைய வேகம் கூடுகிறது. இதற்கு ‘வீதம்’ என்று பெயர் வைத்தால், ‘அதிக வீதம் வேண்டும்’ என்று படிப்பவர் பெரிய எண்ணைத் தேடிப் போவார். குழல் கேட்டு அனுப்பும் கேட்பாணையில் 9 இருக்க வேண்டிய இடத்தில் 12 விழும். குழலைத் தறிக்கலாம், தோட்டா அமரும் அறையை மறுபடி வெட்டலாம். உள்ளே விழுந்த புரியை மட்டும் மாற்றவே முடியாது. அளப்பது நீளத்தை, பெயர் மட்டும் வேகத்துக்கா?

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மலேசியாவில் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். செய்யவும் பழுது பார்க்கவும் தனித்தனி உரிமம் வேண்டும். நாம் இங்கே கட்டுவது சொல்லை மட்டும்.

மறுமொழி: பள்ளியிலிருந்து

ஐயா, சொல் ஏற்கெனவே இருக்கிறது. இயற்பியல் பாடத்தில் திருகு அளவியைப் படித்த எல்லாருக்கும் ‘புரியிடைத் தூரம்’ தெரியும். தலைக்கோலை ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் திருகு எவ்வளவு முன்னேறுகிறதோ அந்தத் தூரம். குழலிலும் அதே கதைதான். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

மறுமொழி: சுங்கை சிப்புட் லேத் பட்டறையிலிருந்து

வாத்தியாரே, அங்கேதான் இடிக்கிறது. திருகு அளவியில் ஓடுவது ஒற்றைப் புரி. அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு இடையிலுள்ள தூரமும், ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரமும் அதில் ஒன்றாகவே இருக்கும். பாடப்புத்தகம் இரண்டையும் ஒரே பெயரில் சொன்னாலும் கெட்டுப்போகாது. குழல் அப்படியில்லை. நான்கு, ஐந்து, ஆறு காடிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் பலபுரித் திருகு அது. ஊறுகாய்ப் போத்தல் மூடி கால் சுற்றிலேயே இறுகிவிடுகிறதே, அதைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். புரி ஒன்றல்ல, பல இடத்தில் தொடங்கும்.

மலாயா அவசரகாலத்தில் (1948–60) நம் தோட்டப் பக்கமெல்லாம் புழங்கிய லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் படைத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஐந்து காடி, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஒரு காடிக்கும் அடுத்த காடிக்கும் இடைவெளி, குழலின் நீளவாக்கில் அளந்தால், 2 அங்குலம். ‘புரியிடைத் தூரம்’ என்று நேர்மையாக அளப்பவர் 2 என்று எழுதுவார். நமக்கு வேண்டியது 10. இந்த இரண்டையும் லேத் வேலையில் பிட்ச், லீட் என்று தனித்தனியாகத்தான் சொல்வார்கள். பலபுரி வெட்டும்போது இரண்டையும் குழப்பினால் அந்தத் துண்டு குப்பைத்தொட்டிக்குத்தான்.

பட்டறையில் யாரும் வீதம், தூரம் என்றெல்லாம் பேசுவதில்லை. “ஒரு சுத்துக்கு எத்தன இன்ச்சு?” அவ்வளவுதான் கேள்வி. சொல் அதிலிருந்து வரட்டும்.

மறுமொழி: தொடக்க மடல் எழுதியவர்

அண்ணே, ஏற்றுக்கொள்கிறேன். நான் மனத்தில் வைத்திருந்தது ‘புரிநீளம்’. அதுவும் தேறாது போலிருக்கிறது. புரி வெட்டிய பகுதியின் நீளம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் 30 அங்குலக் குழலுக்கு 28 என்று எழுதிவிடுவார். ‘சுற்றுநீளம்’ என்றால் சுற்றளவோடு மோதும். ‘சுற்றெட்டு’ என்றும் ஒன்று தோன்றியது, ஓர் எட்டில் போகிற தூரம் என்ற பொருளில். ‘சுற்றெட்டு எட்டு’ என்று சொல்லிப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

‘புரிநடை’ எப்படி? “நாலு நடை தண்ணி எடுத்தாச்சு” என்கிறோமே, அந்த நடை. புரி ஒரு சுற்றுச் சுற்றி வர நடக்கிற தூரம். வேகமான முறுக்கு ‘குறுநடை’, மெதுவானது ‘நெடுநடை’. எண்ணும் பெயரும் ஒரே பக்கம் சாயும்: 8 குறுநடை, 12 நெடுநடை.

மறுமொழி: பள்ளியிலிருந்து

லீட், பிட்ச் வேறுபாடு சரி. புரியிடைத் தூரத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘நடை’ என்றாலே பிள்ளைகளுக்கு உரைநடைதான் நினைவுக்கு வரும். அது கிடக்கட்டும். சொல்லைத் தூக்கிப் பார்க்க ஒரு கணக்குப் போடுவோம். வாக்கியத்தில் உட்காராத சொல் பட்டியலிலும் நிற்காது.

1879இல் பிரிட்டிஷ் கணிதவியலர் கிரீன்ஹில் தந்த விதி எளிது: குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கிக் குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான புரிநடை வரும், எல்லாம் அங்குலத்தில். 0.308 அங்குல விட்டம், 1.24 அங்குல நீளமுள்ள குண்டுக்கு 11.5 அங்குலம். அதே விட்டத்தில் 1.6 அங்குல நீளக் குண்டுக்கு 8.9. நீளம் கூடினால் நடை குறுக வேண்டும். எடைக்காகத்தான் குறுநடை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கேட்பது நீளம்.

மில்லர் விதி இன்னும் நுணுக்கமானது. குண்டு தடுமாறாமல் பறக்குமா என்று காட்டும் நிலைப்பு எண் ஒன்றைத் தருகிறது. குண்டின் எடையை கிரெய்னில் (குண்டை நிறுக்கும் சிற்றலகு) எடுத்து 30ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதை வகுக்க வேண்டியது மூன்றின் பெருக்குத்தொகை: புரிநடையை விட்டத்தால் வகுத்து வர்க்கமாக்கியது, விட்டத்தின் கனம், குண்டின் நீளத்தை விட்டங்களில் சொல்லி அதையும் அதன் வர்க்கத்தோடு ஒன்று கூட்டியதையும் பெருக்கியது. 230 கிரெய்ன், 1.6 அங்குலக் குண்டுக்கு விநாடிக்கு 2800 அடி வேகத்தில், 15 பாகை செல்சியசில், இப்படி வருகிறது: புரிநடை 12 என்றால் 1.07, 10 என்றால் 1.54, 9 என்றால் 1.90. ஒன்றரைக்குப் பக்கத்திலோ மேலோ இருந்தால் நிம்மதி. ஒன்றுக்குக் கீழே போனால் குண்டு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு இலக்குத் தாளில் பக்கவாட்டில் நுழையும். வட்டத்துளைக்குப் பதில் குண்டின் உருவமே தாளில் கிழிந்திருக்கும்.

இதில் நம் ஊர் வெயில் ஏமாற்றும். 33 பாகையில் காற்று மெலிந்திருப்பதால் அந்த 1.07 ஏறத்தாழ 1.14 ஆகிவிடும், தாளில் துளை வட்டமாகவே விழும். அதே துப்பாக்கியைச் சுழியத்துக்குக் கீழ் 20 பாகையுள்ள இடத்தில் சுட்டால் 0.94. அமெரிக்கப் படையின் எம்-16 துப்பாக்கி முதலில் 14 அங்குலப் புரிநடையோடு வந்து, குளிர்க் காற்றில் குண்டு தடுமாறியதால்தான் 12க்குக் குறுக்கப்பட்டது. பின்னால் நீண்ட குண்டு வந்தபோது எம்-16 ஏ2இல் 7 ஆனது.

எழுதிப் பார்த்ததில் ‘புரிநடை 12க்குக் குறுக்கப்பட்டது’ தடங்கலில்லாமல் வருகிறது. உரைநடை ஆட்சேபத்தை விலக்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. நன்றாகச் சுழலும் பம்பரத்தைத் ‘தூங்குது’ என்கிறோம், வேகம் குறைந்தால் ‘தலையாட்டுது’. குண்டும் குழலைவிட்டு வெளியேறியதும் சற்றுத் தலையாட்டிவிட்டுத்தான் தூங்கப் போகும். ‘குண்டு தூங்கும்’ என்பதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

மறுமொழி: பட்டறையிலிருந்து

தூங்கட்டும், நல்ல சொல். இப்போது அளக்கும் முறை. பொறித்த எண்ணை நம்பாமல் குழலை அளந்துவிடுவதே முறை; பட்டியலில் செய்முறைக் குறிப்பாக இதைச் சேருங்கள்.

துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பூட்டுத்தண்டை (போல்ட்) உருவி வெளியே வைக்க வேண்டும். கைப்பிடியில் பேரிங் உள்ள துடைப்புக்கம்பி வேண்டும். கம்பி தாராளமாகச் சுழலாவிட்டால் துணி காடியை விட்டுச் சறுக்கும். துணியை இறுக்கமாக, தள்ளும்போது சற்றுத் திணறுகிற அளவுக்குச் சுற்றி, பின்பக்கமிருந்து இரண்டு மூன்று அங்குலம் உள்ளே விட்டுக் கம்பியின் முதுகில் ஒரு சின்னக் காகிதக் கொடி ஒட்டுங்கள். கொடி நேர் மேலே நிற்கும்போது கம்பியில் முதல் கோடு. மெதுவாகத் தள்ளி, கொடி மறுபடி நேர் மேலே வந்ததும் இரண்டாவது கோடு. இரண்டுக்கும் இடைப்பட்டது புரிநடை. ஒரே அளவில் நம்பிவிடாமல் மூன்று முறை அளக்கவும். துணி சறுக்கினால் எப்போதும் எண் கூடித்தான் காட்டும், குறையாது. ஆகவே மூன்றில் சிறியதே உண்மைக்குப் பக்கம்.

குழலின் பின்பாதியையும் முன்பாதியையும் தனித்தனியாக அளப்பது இன்னும் நல்லது. கார்பைடாலான மொட்டு (பட்டன்) என்ற கருவியைக் குழலுக்குள் இழுத்துப் புரி பதிக்கும் முறையில், எஃகில் கடினமான இடம் வந்தால் மொட்டு சறுக்கி நடை மாறிவிடும். வாய்ப்பக்கம் போகப்போக நடை குறுகினால் பெரிய பாதகமில்லை. நீண்டால், குண்டில் பதிந்த தடத்தின் கோணத்துக்கும் வரம்பின் கோணத்துக்கும் பொருந்தாமல் தடம் அகலமாகிப் பிடி தளரும். அந்தக் குழலை என்ன கனத்தில் செய்தாலும் குழுமம் சேராது, துளைகள் இலக்கில் நெருங்கி விழா. வேண்டுமென்றே குறுக்கி வெட்டுவதும் உண்டு. அதற்குக் ‘குறுகுநடை’ போதும்.

சுற்றும் திசைக்கு வலம்புரி, இடம்புரி என்று போட்டுவிடலாமா?

மறுமொழி: பள்ளியிலிருந்து

அண்ணே, காதுக்கு இனிமைதான், ஆனால் சங்கு விடாது. கடலில் கிடைக்கிற சாதாரணச் சங்கு வடிவியல்படி வலக்கைச் சுருள். அதைத்தான் நாம் இடம்புரி என்கிறோம். அரிதாகக் கிடைக்கிற வலம்புரி, விலங்கியலார் கணக்கில் இடச்சுருள். அவர்கள் சங்கின் கூர்முனையை மேலே பிடித்துப் பார்க்கிறார்கள், நாம் கீழே பிடிக்கிறோம். சங்கறிந்தவர் ‘வலம்புரிக் குழல்’ என்று படித்தால் நேர் எதிரான திருகை நினைக்க நியாயம் உண்டு.

‘வலஞ்சுழி, இடஞ்சுழி’ பாடநூலில் இருக்கிறது, கடிகாரத் திசைக்கும் எதிர்த்திசைக்கும். வரையறையில் ஒரு வரி சேர்த்தால் தகராறு முடிந்தது: ‘அறைப்பக்கமிருந்து வாயை நோக்கிப் பார்க்கையில்’. பெரும்பாலான குழல்கள் வலஞ்சுழி, லீ-என்ஃபீல்டு இடஞ்சுழி.

மறுமொழி: பட்டறையிலிருந்து

எங்கிருந்து பார்ப்பது என்ற வரி கட்டாயம் வேண்டும். பால் மரத்தையே (ரப்பர்) பாருங்கள். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்குகிறது, அது இடச்சுருள். பட்டைக்குள் பால்குழாய்கள் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. அவற்றைக் குறுக்கே அறுத்து நிறையக் குழாய்களைத் திறக்கத்தான் வெட்டு எதிர்ப்பக்கம் சாய்கிறது. தோட்டத்தில் யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை, கை போகிற பக்கம் தெரியும். தாளில் எழுதும்போதுதான் பெயர் வேண்டியிருக்கிறது.

திசை வெறும் அலங்காரமில்லை. வலஞ்சுழிக் குழலில் துடைப்புக்கம்பியைத் தள்ளும்போது முனையிலுள்ள தூரிகை மரை கழலும் பக்கம் திருகப்படும், இழுக்கும்போது இறுகும். சுடும்போது குண்டு வலப்பக்கம் சுழல, துப்பாக்கி இடப்பக்கம் புரளப் பார்க்கும். கனத்த துப்பாக்கிக்கு முன்தாங்கியை 3 அங்குல அகலத்துக்குத் தட்டையாக வைப்பது இந்தப் புரளலை அடக்கத்தான். வெறும் எடையை மட்டும் ஏற்றிப் பயனில்லை. 30 அங்குல நீளத்தில் 1.25 அங்குல நேர் உருட்டுக் குழலே ஏறத்தாழ நாலரைக் கிலோ வந்துவிடும், எஃப்-ஓப்பன் என்ற நெடுந்தொலைவுச் சுடும் போட்டியில் மொத்த வரம்பே 10 கிலோதான்.

மறுமொழி: தொடக்க மடல் எழுதியவர்

அப்படியானால் பட்டியலில் ஏறுவது இப்படி:

புரிநடை: சுரிகுழலில் ஒரு காடி ஒரு முழுச்சுற்றுச் சுற்ற எடுத்துக்கொள்ளும் குழல்நீளம், அங்குலத்தில். குறுநடை, நெடுநடை, குறுகுநடை இதன் கிளைகள். ‘முறுக்கு வீதம்’ காண்க என்ற குறிப்பும் வேண்டாம். குறிப்பு இருந்தால் அந்தச் சொல் உயிரோடு இருக்கும்.

மாதிரிக் கேட்பாணை வரி: 0.308 அங்குலம், ஐந்து காடி, புரிநடை 9 அங்குலம், வலஞ்சுழி, நீளம் 30, வாய்வரை 1.25 நேர் உருட்டு.

தோட்டத்துச் சாட்கன்னுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை, அதற்குப் புரி கிடையாது. அதன் குழலுக்கு ‘மழுங்குழல்’ என்று போட்டிருக்கிறேன். பிடிக்காவிட்டால் நாளைக்குள் சொல்லுங்கள்.

மறுமொழி: பட்டறையிலிருந்து

மழுங்குழல் வேண்டாம், முனை மழுங்கியது போல் இருக்கிறது. ‘வழுகுழல்’.