விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருகிறவர்களை நிலைக்க வைப்பது எப்படி? சேலத்தில் பயிற்சி வைக்கிறோம்

அம்மாப்பேட்டை தறி:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒருநாள் பயிற்சி வைக்கப்போகிறோம். தமிழ்த்துறை மாணவர்கள், கூடவே பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர். பயிற்சி நடத்துவதில் சிக்கல் இல்லை, அதற்கப்புறம் நடப்பதுதான் சிக்கல். போன தடவை எல்லோரும் கணக்கு தொடங்கினார்கள், ஆளுக்கு ஒரு பத்தி தட்டினார்கள், சான்றிதழோடு குழுப்படம் எடுத்துக்கொண்டார்கள், அதோடு சரி. ஒரு மாணவி மட்டும் வீட்டுக்குப் போயும் விடாமல் தன் ஊர் மாரியம்மன் கோயிலைப் பற்றிக் கைபேசியிலேயே ஒரு கட்டுரை எழுதி ஏற்றினாள். மறுநாள் அதை நீக்கிவிட்டார்கள். அவளுக்கு மற்றவர்கள் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரவேற்புப் பெட்டி, அதற்குக் கீழேயே ஒரு நீக்கல் பெட்டி, இரண்டிலும் வரிசையாக இணைப்புகள், ஒரு மனுஷன் உட்கார்ந்து எழுதிய வாக்கியம் என்று ஒன்றுகூட இல்லை. "நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். அப்புறம் அவள் எழுதவே இல்லை.

இந்தத் தடவை வருகிறவர்களில் நாலு பேராவது நிலைக்க வேண்டும். பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காட்டு மிளகுக்கொடி:

அண்ணா, முதல் நாளே புதுக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். இருப்பதிலேயே கடினமான வேலை அதுதான். தலைப்பு கலைக்களஞ்சியத்துக்குத் தகுமா, சான்று உண்டா, நடை புகழ்மாலையாகப் போகிறதா, எந்த வகையில் சேரும் என்று பகுப்பு போட்டாயிற்றா என்று எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் ஏறும். இருக்கிற கட்டுரையில் ஒரு வரி, அந்த வரிக்கு ஒரு சான்று, முதல் நாளுக்கு அது போதும். நம் பக்கத்து ஊர்க் கட்டுரைகள் பலவற்றில் 2011 மக்கள்தொகைக் கணக்கைத் தாண்டி ஒன்றும் இருக்காது, அவரவர் ஊரை அவரவருக்கே கொடுங்கள்.

ஆசிரியர்கள் வருகிறார்கள் என்றால் இன்னொன்று. எங்கள் மலையில் எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுத வந்தார். காப்பியில் அவருக்குத் தெரியாதது கிடையாது, சில்வர் ஓக் நிழல், அதில் ஏற்றும் மிளகு, பழம் பறிக்கும் பருவம் எல்லாம் விரல்நுனியில். ஆனால் சான்று கேட்டதும் கோபம் வந்துவிட்டது, "எனக்கே தெரியும், புத்தகம் எதுக்கு?" என்று. காக்பர்ன் கலெக்டராக இருந்தபோது 1820களில் காப்பி இங்கே வந்தது என்று மலையில் எல்லோருமே சொல்வோம், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்போம். லெ ஃபனுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் (1918) இரண்டையும் கணினியில் திறந்து அவரிடம் விட்டுவிட்டேன். அன்று மாலை முழுக்க அந்தப் புத்தகங்களோடு சண்டை. இப்போது சான்றில்லாத வரியைப் பார்த்தால் அவர்தான் மற்றவர்களை விரட்டுகிறார், அது வேறு தொல்லை.

விதியைப் பாடமாக எடுத்தால் யாருக்கும் ஏறாது. சான்று தேடுகிற ருசி ஒருமுறை வந்துவிட்டால் ஆள் தானாகத் திரும்ப வருவார்.

இரவு ரோந்து:

நீக்குகிற பக்கத்தில் இருந்து பேசுகிறேன், திட்டாமல் கேளுங்கள். ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் இருக்கிற இடத்தில் அண்மைய மாற்றங்களைத் தினம் உட்கார்ந்து பார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒரே மதியத்தில் எங்கிருந்தோ கட்டுரைகள் கொத்தாக வந்து விழும், பாதி தினசரிச் செய்தியின் நகல், மீதியில் கல்லூரி முதல்வரின் அருமை பெருமை. அது பயிற்சிப் பட்டறை என்பதே எங்களுக்குத் தெரியாது. அப்போது பெட்டிச் செய்திதான் போடுவோம். அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரி கையால் எழுதியிருக்க வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே ஆலமரத்தடியில் (விக்கியின் பொது உரையாடல் பக்கம்) தேதியைச் சொல்லுங்கள், திட்டப் பக்கம் ஒன்று தொடங்கி வருகிறவர்களின் பயனர் பெயர்களை அதில் எழுதிவிடுங்கள். எல்லோரும் அவரவர் மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் சொந்தப் பக்கம்) எழுதட்டும், நீங்கள் பார்த்துச் சரி என்று பட்டதும் பொதுவெளிக்கு நகர்த்தலாம். எங்களுக்கும் யாரிடம் பேசுவது என்று தெரியும்.

அப்புறம், நீக்கின கட்டுரை அழிந்துபோவதில்லை. அதன் வரலாறு நிருவாகிகளுக்குத் தெரியும், வேறு இடத்திலிருந்து நகலெடுத்ததாக இல்லையென்றால் அவளுடைய பயனர் வெளிக்கே (அவள் பெயரில் இருக்கும் பக்கங்கள்) மீட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம். ஒத்தாசைப் பக்கத்தில் கட்டுரைத் தலைப்போடு எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:

மிளகுக்கொடி சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. ஒரு வரி, ஒரு சான்று என்று ஆரம்பித்தால் பாதிப் பேருக்குத் தூக்கம் வரும். அந்தப் பெண்ணை வீட்டில் உட்கார்ந்து எழுத வைத்தது அவள் ஊர்க் கோயில்தானே? அந்த ஆசையை ஏன் முதலிலேயே மடக்க வேண்டும்? எழுதட்டும், மணல்தொட்டியில். சான்றிதழை மட்டும் நிறுத்துங்கள், அதற்காக வருகிறவர்கள் அதை வாங்கியதும் போய்விடுவார்கள்.

எழுத்தே வராதவர்களைப் படம் எடுக்க அனுப்புங்கள். கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, தறி என்று நம் ஊரில் எடுக்க எவ்வளவோ இருக்கிறது, உள்ளே போகிற இடத்தில் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் சரி. கூகுளில் கிடைத்த படத்தை ஏற்றக் கூடாது, தானே எடுத்ததைத்தான் பொதுவகத்தில் (விக்கியின் படக் கிடங்கு) ஏற்ற வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கட்டடம், பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிலை இவற்றைப் படமெடுத்துப் போட நம் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. சுவரொட்டி, ஓவியம் அப்படி இல்லை, அங்கேதான் மாணவர்கள் மாட்டுவார்கள்.

அம்மாப்பேட்டை தறி:

ரொம்ப நன்றி. ரோந்து சொன்னபடி கட்டுரையை மீட்கக் கேட்டு எழுதிவிட்டேன், அது வந்ததும் அவளிடம் பேசுகிறேன். சான்றிதழ் விஷயத்தில் கல்லூரி ஒத்துக்கொள்ளுமா தெரியவில்லை. இன்னொரு கேள்வி. ஆய்வகத்தில் ஒரே வைஃபைதான், போன தடவை பாதிப் பேருக்குக் கணக்கே திறக்கவில்லை, ஏன்?

இரவு ரோந்து:

ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு 6 கணக்குக்கு மேல் தொடங்க விடாது, விஷமிகளுக்காக வைத்த வரம்பு. முதல் நாளே வீட்டில் தொடங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், மறந்தவர்கள் கைபேசித் தரவில் தொடங்கலாம். பெரிய கூட்டம் என்றால் வரம்பைத் தளர்த்த முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

ஆசிரியர்கள் தட்டச்சுக்குத் திணறினால், தொகுப்புப் பெட்டிக்குள்ளேயே தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாகும் எழுத்துப்பெயர்ப்பு இரண்டும் இருக்கின்றன, கன்ட்ரோல் எம் அழுத்தினால் மாறும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கைபேசியில் எழுதுகிறவர்களுக்கு மேலே இருக்கும் மணி அடையாளத்தைக் காட்டிக்கொடுங்கள், பேச்சுப் பக்கத்தில் நாங்கள் எழுதுவது அதில்தான் தெரியும், அது தெரியாமல் பதிலே போடாதவர்கள் நிறைய. திட்டப் பக்கம் போட்டதும் இணைப்பை இங்கே கொடுங்கள், அன்றைக்கு மதியம் நான் இருப்பேன்.