செவலை நாய்க்குப் பச்சை எலும்பு: ‘நம்ம வீட்டுக் கூட்டம்’ குழுவில் நடந்த பேச்சு

*ஞாயிறு, காலை*

தேன்மொழி: எல்லாருக்கும் வணக்கம். செவலைக்குப் பச்சை எலும்பு கொடுத்துப் பார்க்கலாமா? பல்லில் காவி ஏறியிருக்கிறது. மெல்ல ஏதாவது கிடைத்தால் அவனும் சந்தோஷப்படுவான். ஆனால் அவன் வயிறு உங்களுக்கே தெரியும். பால் குடித்தால் பேதி, தீவனம் மாற்றினால் பேதி. போன மாதம் பாதி நாள் தயிர்சாதத்திலேயே ஓடியது.

சுந்தரி அத்தை: கொடு தங்கம், நாய்க்கு எலும்பு ஆகாதா? இன்றைக்குக் கறிக்குழம்புதானே வைக்கிறீர்கள்? சாப்பிட்டதும் அந்த எலும்பையே எடுத்துப் போடு.

முத்து சித்தப்பா: அக்கா, குழம்பு எலும்பு வேண்டவே வேண்டாம். தேனு, தயவுசெய்து போடாதே.

முத்து சித்தப்பா: எங்கள் ராஜா போனது அதனால்தான். தீபாவளிக்கு மறுநாள், மிச்சமிருந்த ஆட்டு நெஞ்செலும்பை நான்தான் தட்டோடு வைத்தேன். அன்று இரவே வாந்தி. வெளிக்குப் போக முக்கினான், ஒன்றும் வரவில்லை. தானாகச் சரியாகும் என்று இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் படம் எடுத்தால் சில்லு குடலைக் குத்தியிருந்தது. அறுவை செய்தும் பிழைக்கவில்லை.

சுந்தரி அத்தை: ஐயோ தம்பி, நோய் வந்து போனதாக அல்லவா என்னிடம் சொன்னாய்?

முத்து சித்தப்பா: அப்போது சொல்ல மனம் வரவில்லை அக்கா.

தேன்மொழி: சித்தப்பா… கண் கலங்கிவிட்டது. குழம்பு எலும்பு இனி இந்த வீட்டில் நாய்க்குக் கிடையாது. குப்பைக்கூடைக்கும் மூடி வாங்கிவிடுகிறேன்.

அப்பா: குக்கரில் ஆறு விசில் விட்டால் எலும்பு மாவாகிவிடுமே, அதுவுமா ஆகாது? அகிலா எங்கே? நாமக்கல்லில் கால்நடை டாக்டரை வைத்துக்கொண்டு நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அகிலா: இப்போதுதான் பார்த்தேன் சித்தப்பா. பண்ணைக்குப் போயிருந்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், எல்லாரும் படியுங்கள்.

அகிலா: எலும்பு வெந்தால் வளைந்து கொடுக்காது. கடித்தால் ஊசி ஊசியாகச் சிதறும். குக்கரில் வைத்தாலும் எது மாவானது, எது உள்ளே சில்லாக நிற்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. போதாததற்குக் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆகவே முத்து சித்தப்பா சொன்னதுதான் சரி.

அகிலா: பச்சை எலும்பு அவ்வளவாகச் சிதறாது, ஆனால் அதற்கு வேறு தொல்லை உண்டு. கறிக்கடைக் கோழியில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். நாய்க்கு ஒன்றும் தெரியாமலே அதன் எச்சிலிலும் மலத்திலும் கிருமி வெளியே வரும். ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012லேயே நாய், பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம் என்று கொள்கையாகவே சொல்லிவிட்டது. வேண்டாம் என்று சொல்லும் டாக்டர்கள்தான் அதிகம். உங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு வேறு சர்க்கரை இருக்கிறது. அதையும் யோசி.

தேன்மொழி: அப்படியானால் வேண்டாம் என்கிறாயா அக்கா?

அகிலா: பல்லுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். கல்லாக இறுகிய காவி எலும்பால் போகாது, டாக்டர்தான் சுத்தம் செய்ய வேண்டும். தினமும் நாய்க்கான பேஸ்ட்டில் தேய்த்துவிடு. மனிதர் பேஸ்ட் கூடாது. மெல்லும் சந்தோஷத்துக்காக என்றால், மெதுவாகப் போகலாம். ஆனால் இன்றைக்கே தொடங்காதே. இரண்டு வாரம் மலம் கெட்டியாக, ஒரே மாதிரி வரட்டும். பேதி நிற்காத வயிற்றில் புதிதாக எதைப் போட்டாலும், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தேன்மொழி: சரி. அப்புறம்?

அகிலா: முதலில் எலும்பில்லாத கோழிக்கறி. உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, வழக்கமான சோற்றோடு இரண்டு ஸ்பூன். நான்கைந்து நாள் பார். எலும்பு கொடுக்கப்போவது எந்தப் பிராணியோடதோ, அதன் கறி முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு வெறும் எலும்புச் சாறு. ஃப்ரிட்ஜில் வைத்து மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டுக் கொடு. அதுவும் சரியாகப் போனால் ஒரு பிராய்லர் கோழிக் கழுத்து, தோல் உரித்தது.

அப்பா: நாட்டுக்கோழி நல்லதில்லையா? பிராய்லரைத்தான் எல்லாரும் திட்டுகிறார்களே.

அகிலா: இதற்கு மட்டும் பிராய்லர்தான் சித்தப்பா. ஆறு வாரக் கோழி, எலும்பு முற்றியிருக்காது. நாட்டுக்கோழி எலும்பு கெட்டி. முட்டை விட்டு ஓய்ந்த பண்ணைக் கோழி இன்னும் மோசம். சுண்ணாம்புச் சத்தெல்லாம் முட்டை ஓட்டுக்கே போயிருக்கும், எலும்பு சடசடவென்று உடையும். எங்கள் ஊரில் அந்தக் கோழி மலிவு, ஆனாலும் நான் நாய்க்குக் கொடுக்க மாட்டேன்.

சுந்தரி அத்தை: நல்லி எலும்பு கண்ணு? அதைத்தானே ஆசையாக மெல்லும்?

அகிலா: வேண்டாம் அத்தை. நல்லிக்குள் இருப்பது முழுக்கக் கொழுப்பு. இவன் வயிற்றுக்கு அது பேதி. ஆகாத நாளில் கணையமே வீங்கிவிடும். மாட்டுக் கால் எலும்பு பல்லைப் பிளந்துவிடும், மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்தான் முதலில் போகும். பச்சை ஈரலும் நுரையீரலும் அறவே கூடாது. அதில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருக்கலாம். நாய்க்குத் தொற்றி, அதன் மலத்தின் வழியாக மனிதருக்கே வரும்.

தேன்மொழி: பூச்சி மருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கிறேன் அக்கா. அடுத்ததைக் கொடுத்துவிட்டே தொடங்குகிறேன்.

*மூன்று வாரம் கழித்து, சனி*

தேன்மொழி: கறி ஒத்துக்கொண்டது, சாறும் ஒத்துக்கொண்டது. இன்று அப்பா கழுத்து வாங்கி வந்தார். மொட்டை மாடியில் கொடுக்கப்போகிறேன், அப்பத்தா அங்கே ஏற மாட்டார்.

அகிலா: பாதிச் சோறு போட்ட பிறகு கொடு. பசியில் இருந்தால் அப்படியே விழுங்கிவிடுவான். கழுத்தை வெட்டாதே. சின்னத் துண்டு என்றால் தொண்டையில் போய் நிற்கும். ஒரு முனையை நீ பிடித்துக்கொள், மென்றுதான் தின்ன வேண்டும். கால் மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடு. அப்புறம் தரையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவு. இன்று முழுக்க அவனை முகத்தை நக்க விடாதே.

தேன்மொழி: பிடித்துக்கொண்டேன். முதலில் முகர்ந்துவிட்டு என்னையே பார்த்தான், நிஜமாகவே எனக்கா என்பது போல. பிறகு கறுக் கறுக்கென்று மென்றான். காது பின்னால் போய்விட்டது, வால் நிற்கவே இல்லை. இவ்வளவு நாள் சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. பாதியில் எடுத்துவிட்டேன், உறுமாமல் விட்டான்.

முத்து சித்தப்பா: அவன் பக்கத்திலேயே இரு தேனு. வாந்தியோ முக்கலோ இருந்தால் காலைவரை காத்திருக்காதே. எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய், வண்டியோடு வருகிறேன்.

*ஞாயிறு*

தேன்மொழி: காலையில் மலம் நன்றாக, கெட்டியாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும்!

*அதற்கடுத்த வியாழன்*

தேன்மொழி: அக்கா, ஒரு தப்பு நடந்துவிட்டது. நன்றாக இருக்கிறானே என்று செவ்வாயும் புதனும் முழுக் கழுத்தாகக் கொடுத்தேன். இன்று மலம் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி பொடிந்து வருகிறது. கொஞ்சம் முக்குகிறான். வாந்தி இல்லை, சோறு தின்கிறான்.

அகிலா: எலும்பு அதிகமானால் அப்படித்தான் வரும். உடனே நிறுத்து. சோற்றில் வெந்த பரங்கிக்காய் இரண்டு ஸ்பூன் மசித்துப் போடு, தண்ணீர் நிறையக் காட்டு. வயிற்றைத் தொட்டால் கத்துகிறானா? ரத்தம் தெரிகிறதா?

தேன்மொழி: இரண்டும் இல்லை. மாடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.

அகிலா: சரி, நாளைக் காலைக்குள் சரியாகாவிட்டால் அங்கேயே டாக்டரிடம் கூட்டிப்போ. போனில் பார்த்து வயிற்றைச் சொல்ல முடியாது.

*வெள்ளி*

தேன்மொழி: சரியாகிவிட்டது. இனி பத்து நாளைக்கு ஒரு முறை, பாதிக் கழுத்துதான். அவனுக்கு அவ்வளவுதான் தாங்கும் போலிருக்கிறது.

சுந்தரி அத்தை: அதுவே போதும் தங்கம். தம்பி, நீயும் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. அந்தக் காலத்தில் நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

முத்து சித்தப்பா: சரி அக்கா. அடுத்த வாரம் மதுரை வருகிறேன், செவலையைப் பார்க்க வேண்டும்.

அப்பா: கறிக்கடையில் சொல்லிவிட்டேன். பத்து நாளைக்கு ஒரு கழுத்து, தோல் உரித்து, மஞ்சள் பூசாமல் தனியாகக் கட்டித் தருவார்.