பெர்கன் நகரின் பழைய துறைமுகப் பகுதி: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: வணக்கம். ஜூன் மாதத்தில் என் தாயாருடன் நார்வேயின் பெர்கன் நகருக்குச் செல்லவிருக்கிறேன். அவருக்கு மூட்டுவலி இருப்பதால், அதிகம் ஏறி இறங்காமல் பிரிகன் துறைமுகப் பகுதியில் எவற்றைக் காணலாம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கடலோரமாக நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பலகை பாவிய குறுகிய சந்துகளுக்குள் நடந்தால்தான், 1702ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் பழைய அமைப்பிலேயே மீண்டும் எழுப்பப்பட்ட மர வீடுகள், ஒன்றன்மீது ஒன்று சாய்ந்தாற்போல் நெருங்கி நிற்பதைக் காண முடியும். நெருப்புக்கு அஞ்சிய ஹான்சா (வட ஜெர்மன் நகரங்களின் வணிகக் கூட்டமைப்பு) வணிகர்கள், உலர்ந்த மீன் குவிந்திருந்த இவ்வீடுகளில் அடுப்பு மூட்டாமல், பின்புறத்தில் தனியாக இருந்த ஷோட்ஸ்டூவனே கூடங்களில்தான் சமைத்து உண்டு, குளிர்காய்ந்தனர். என்னைக் கேட்டால், அக்கூடங்களையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

பதில் 2: அந்தப் பலகைகள் மழையில் வழுக்கும் என்பதால், அம்மாவுக்குப் பிடிமானமுள்ள காலணி அவசியம், ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் ஊர் அது. வானம் வெளுத்திருக்கும் நேரம் பார்த்து, 1918 முதல் இயங்கிவரும் மலை ரயிலில் ஃபுளோயன் குன்றுக்குச் சென்றால், சுமார் 320 மீட்டர் உயரத்திலிருந்து துறைமுகம் முழுவதையும் அவர் சிரமமின்றிப் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்: இருவருக்கும் மிக்க நன்றி. கூடங்களுக்குக் காலையிலேயே சென்றுவிடுகிறோம். மலை ரயிலை வானிலை பார்த்து முடிவு செய்துகொள்கிறோம்.