மங்குக்கு வைட்டமின் சி சீரம்: மூன்று மாதமாகியும் பலன் இல்லை

கேள்வி: மதுரை மல்லி

வணக்கம். எனக்கு வயது 36. இரண்டாவது முறை கருவுற்றிருந்தபோது ஆறாம் மாதத்தில் இரண்டு கன்னங்களிலும் மூக்கின் மேலும் மங்கு விழுந்தது. குழந்தைக்கு இப்போது நான்கு வயதாகிறது. மங்கு மட்டும் போகவில்லை. சித்திரை, வைகாசியில் அடர்ந்தும் மார்கழியில் சற்று வெளிறியும் தெரிகிறது. மாமியார் சொன்னபடி ஜாதிக்காயைப் பாலில் இழைத்துப் பூசிப் பார்த்ததில் எரிச்சல்தான் மிஞ்சியது.

மூன்று மாதங்களுக்கு முன் இணையத்தில் 20% எல்-அஸ்கார்பிக் அமில (அதாவது வைட்டமின் சி) சீரம் ஒன்றை வாங்கி, தினமும் காலையில் குளித்தவுடன் நான்கைந்து சொட்டு பூசி வருகிறேன். வாங்கியபோது தண்ணீர்போல் இருந்தது, இப்போது பால் சேர்க்காத டீயின் நிறத்துக்கு வந்துவிட்டது. துடைக்கும் துண்டில் மஞ்சள் கறை ஏறுகிறது. புட்டியைக் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டில்தான் வைத்திருக்கிறேன். காலை எட்டரை மணிக்கு ஸ்கூட்டரில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் செல்வேன். சன்ஸ்கிரீன் போட்டால் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடுவதால் அதை விட்டுவிட்டேன். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொள்கிறேன்.

இந்த சீரம் கெட்டுவிட்டதா? 20 சதவீதத்துக்கு மேல் உள்ளதை வாங்கினால் பலன் கூடுமா? எலுமிச்சையிலும் இதே வைட்டமின் சிதானே இருக்கிறது, அதையே பூசினால் என்ன என்று தங்கை கேட்கிறாள். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: சொட்டு மருந்து

சகோதரி, நான் மருத்துவன் அல்லன். அழகுசாதனப் பொருள்களுக்குக் கலவை தயாரிக்கும் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆகவே புட்டிக்குள் நடப்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

உங்கள் சீரம் கெட்டுவிட்டது. எல்-அஸ்கார்பிக் அமிலம் தண்ணீரில் கரைந்த நிலையில் காற்று, வெளிச்சம், சூடு ஆகிய மூன்றுக்கும் ஆகாதது. ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகி, பிறகு மீட்க முடியாதபடி வேறு பொருள்களாகச் சிதைகிறது. நிறம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, பழுப்பாவது அதன் அடையாளம். இளமஞ்சள் வரை பயன்படுத்தலாம். டீ நிறத்துக்கு வந்ததைப் பூசினால் தோலும் துணியும் கறைபடும், பலன் இராது. மதுரை வெயிலில், அதுவும் தினமும் வெந்நீர் ஆவி ஏறும் குளியலறையில், சொட்டுக்குழாயைத் திறந்து திறந்து மூடும் புட்டி மூன்று மாதம் தாங்காது. முதல் மாதத்துக்குப் பிறகு நீங்கள் பூசியதில் பாதிக்கு மேல் வெறும் நிறத்தண்ணீராக இருந்திருக்கலாம் என்பது என் கணிப்பு.

அடுத்தது சதவீதம். 2001இல் அமெரிக்காவில் பன்றித்தோலில் செய்த ஆய்வு ஒன்றைத்தான் எங்கள் துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்கிறோம். கரைசலின் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3.5க்குக் கீழ் இருந்தால்தான் இந்த அமிலம் தோலுக்குள் இறங்குகிறது என்பதும், 20% வரை உறிஞ்சப்படும் அளவு ஏறி அதன் பிறகு ஏறுவதில்லை என்பதும் அதில் தெரிந்தன. மூன்று நாள் தொடர்ந்து பூசினால் தோல் நிறைந்துவிடுகிறது. நிறைந்தது பாதியாகக் குறைய ஏறக்குறைய நான்கு நாளாகிறது. ஆகவே 25, 30 என்று விளம்பரப்படுத்துவது எரிச்சலை விலை கொடுத்து வாங்குவதுதான். உங்களைப்போல் ஜாதிக்காய்க்கே எரிந்த தோலுக்கு 10 சதவீதமே போதும். நம் மாநிறத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: எரிச்சலும் புண்ணும் ஆறிய இடத்தில் புதிதாகக் கருமை படிந்துவிடும்.

வைட்டமின் ஈ 1 சதவீதமும் ஃபெரூலிக் அமிலம் 0.5 சதவீதமும் சேர்த்த கலவை நீண்ட நாள் நிலைக்கிறது, வெயிலிலிருந்து தோலைக் காப்பதிலும் இருமடங்கு திறன் காட்டுகிறது என்று 2005இல் கண்டார்கள். துருப்பிடித்த இரும்பைத் தொட்ட கையில் வருவதுபோல் ஒரு வாடை சில சீரங்களில் வரும். அதை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிட வேண்டாம், நிறத்தைப் பாருங்கள். அதற்காகவாவது முதல் நாளே ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பழுப்புக் கண்ணாடிப் புட்டிக்குள் நிறம் மாறுவது வெளியே தெரியாது.

எலுமிச்சையை முகத்துக்கு அருகிலேயே கொண்டுபோக வேண்டாம். 100 மில்லி சாற்றில் வைட்டமின் சி சுமார் 50 மில்லிகிராம், அதாவது 0.05 சதவீதம். 10% சீரத்தோடு ஒப்பிட்டால் இருநூறில் ஒரு பங்கு. மீதிப் புளிப்பெல்லாம் சிட்ரிக் அமிலம். போதாததற்கு, அந்தச் சாற்றிலும் பழத்தோலிலும் உள்ள ஃபியூரோகூமரின் என்னும் பொருள் வெயில் பட்டால் நம் தோலைக் கொப்பளிக்க வைத்துக் கருந்தழும்பை விட்டுச் செல்லும். சாறு வழிந்த தடம் அப்படியே கோடுகோடாகக் கறுத்திருந்த கைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பதில் 2: தோல் சிகிச்சைப் பிரிவு

மேலே உள்ளவர் புட்டியைப் பற்றிச் சொன்னவை சரியானவை. நோயைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில், நீங்கள் விவரிப்பது மங்குபோலத்தான் தெரிகிறது என்றாலும், ஒரு தோல் மருத்துவர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பரு ஆறிய கறுப்பு வேறு, மங்கு வேறு. கழுத்துப் பின்புறம் வெல்வெட்போல் தடித்துக் கறுப்பது இன்சுலின் எதிர்ப்போடு தொடர்புடைய வேறொரு நிலை; அதற்கு எந்த சீரமும் உதவாது, சர்க்கரை அளவைப் பரிசோதிக்க வேண்டும். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. எடுப்பவராக இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள் மங்கைத் தூண்டிவிடும்.

வைட்டமின் சி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் எதிர்பார்ப்பு அளவோடு நிற்கும். தோலுக்குக் கறுப்பு தரும் நிறமியான மெலனின் உருவாக டைரோசினேஸ் என்னும் நொதி வேண்டும். அதன் மையத்தில் தாமிரம் இருக்கிறது. வைட்டமின் சி அந்தத் தாமிரத்தோடு உறவாடி நொதியைத் தடுக்கிறது. மெலனினாகும் வழியில் உருவாகும் டோபாகுவினோன் என்னும் இடைப்பொருளையும் பின்னோக்கித் திருப்புகிறது. அதாவது புதுக் கறுப்பு உற்பத்தியாவதைக் குறைக்கிறதே தவிர, தோலின் ஆழத்தில் ஏற்கெனவே இறங்கிவிட்ட நிறமியைச் சுரண்டி எடுப்பதில்லை. 2004இல் மெக்சிகோவில் மங்கு உள்ள 16 பெண்களுக்கு முகத்தின் ஒரு பக்கம் 5% அஸ்கார்பிக் அமிலமும் மறுபக்கம் கருமையை வெளுக்கும் மருந்தான 4% ஹைட்ரோகுவினோனும் 16 வாரம் பூசினார்கள். நல்ல முன்னேற்றம் ஹைட்ரோகுவினோன் பக்கத்தில் 93 சதவீதம், வைட்டமின் சி பக்கத்தில் 62.5 சதவீதம். எரிச்சல் முதலான பக்கவிளைவுகளோ முன்னதில் 68.7, பின்னதில் 6.2 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் மெதுவான, சாதுவான துணை மருந்து என்ற என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. அந்தப் பெண்கள் எல்லோரும் சன்ஸ்கிரீனும் பூசினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் பதிவில் என்னை உறுத்தியது அந்த டீ நிறத்தைவிடச் சன்ஸ்கிரீனை விட்டுவிட்டேன் என்ற வரிதான். மெல்லிய துப்பட்டா புற ஊதாக் கதிரை ஓரளவே தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியே மாநிறத் தோலில் மங்கை அடர்த்தியாக்கும் என்பதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. அதைத் தடுக்கும் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமேற்றிய சன்ஸ்கிரீன்கள் கிடைக்கின்றன. அவை முகத்தைச் சாம்பலாக்குவதும் குறைவு. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை இரண்டு கோடு பிழிந்தால் அதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆன ஒருவேளை அளவு. பட்டாணியளவு தொட்டு வைத்துவிட்டுப் பலன் இல்லை என்று வருபவர்களே அதிகம்.

பதில் 3: தஞ்சைக்காரி

அக்கா, ஒரே ஒரு எச்சரிக்கை. எனக்கும் மங்கு இருந்தது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கொடுத்த ஒரு ‘மங்கு க்ரீம்’ பதினைந்து நாளில் முகத்தை வெளுக்க வைத்தது. சந்தோஷப்பட்டு எட்டு மாதம் பூசினேன். நிறுத்திய வாரமே முகம் மிளகாய் அரைத்த கைபோல் எரிந்து சிவந்தது, மங்கு முன்னைவிடக் கறுத்தது, கன்னத்தில் நூல்போல் இரத்த நாளங்கள் தெரிய ஆரம்பித்தன. ட்யூபில் பொடி எழுத்தில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் என்று எழுதியிருந்தது. கடைசியாக உள்ள மொமெட்டாசோன் ஒரு ஸ்டீராய்டு என்பதைப் பிறகு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். சீரம் தாமதிக்கிறது என்ற அவசரத்தில் அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

மதுரை மல்லி

மூவருக்கும் நன்றி. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்த்தேன். கடலை எண்ணெயைவிட அடர்ந்த நிறம். புட்டியை எறிந்துவிட்டேன். கருத்தடை மாத்திரை ஒன்றரை ஆண்டாக எடுக்கிறேன், அதை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. வரும் சனிக்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். புது சீரத்தைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா? சன்ஸ்கிரீனுக்கு முன்னா, பின்னா?

பதில் 1: சொட்டு மருந்து

வைக்கலாம், கதவுத் தட்டே போதும், உறையவிட வேண்டாம். 15 மில்லிக்கு மேற்பட்ட புட்டி வாங்காதீர்கள். முடிந்தால் சொட்டுக்குழாய்க்குப் பதில் காற்றுப் புகாத பம்ப் உள்ளதாகப் பாருங்கள். முகத்தைக் கழுவி ஈரம் உலர்ந்தபின் சீரம், ஐந்து நிமிடம் கழித்து சன்ஸ்கிரீன், அதன் பிறகு ஸ்கூட்டர். முதல் மூன்று நாள் காதுக்குப் பின்னால் மட்டும் தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். மருத்துவர் வேறு மருந்து எழுதிக் கொடுத்தால், சீரத்தைத் தொடரலாமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.